மகளின் இளைப்பும் வீட்டுப் பூனையும்: ஆன்டிபாடி ஊசி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருவிலிருந்து எடுத்து வந்த ஓர் ஆண் பூனையை வளர்க்கிறாள். ஒன்றரை ஆண்டாக அவளுக்கு ஓயாத தும்மலும் கண் அரிப்பும் இருந்தன. இப்போது வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் இளைப்பும் வருகிறது. நீல நிற இன்ஹேலரை இழுத்தால் சரியாகிவிடுகிறது. பூனையைப் பதினைந்து நாள் என் தாயார் வீட்டில் விட்டுப் பார்த்தோம்; ஒரு மாற்றமும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் ஐஜிஈ அளவு 2,340 என்று வந்திருக்கிறது. பூனை ஒவ்வாமைக்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி வந்துவிட்டது, ஒரு முறை போட்டால் மூன்று மாதத்திற்குத் தொல்லை இல்லை என்று வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் மகன் சொல்கிறான். இங்கே கிடைக்கும் ஒமாலிசுமாப் ஊசி அதுதானா? அதைப் போட்டுக்கொண்டு பூனையை வைத்துக்கொள்ளலாமா? பூனை முடி நுரையீரலுக்குள் போய்விட்டது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் அண்ணன் மகன் சொல்லும் ஊசியும் இங்கே மருந்தகத்தில் கிடைக்கும் ஒமாலிசுமாபும் ஒன்றல்ல. இரண்டும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடிக்கும்படி தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள் என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. முதலாவது பூனையின் புரதத்தைப் பிடிக்கிறது. இரண்டாவது உங்கள் மகளின் உடலே உண்டாக்கும், ஒவ்வாமையைத் தூண்டும் ஆன்டிபாடியான ஐஜிஈயைப் பிடிக்கிறது. முதலாவது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பதால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இரண்டாவதை வாங்க முடியும் என்றாலும், அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதை இப்போது இருக்கும் தகவலை வைத்துச் சொல்ல இயலாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் பூனையைவிட என்னைக் கவலைப்படுத்திய செய்திகள் இரண்டு உண்டு; அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் அந்த முடி. பூனை முடி நுரையீரலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது என்ற பேச்சு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. தொல்லை தருவது முடியல்ல, முடியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு புரதம். அதற்கு ஃபெல் டி 1 என்று பெயர். பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது உண்டாகிறது. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொண்டே இருப்பதால் புரதம் உடம்பெங்கும் பூசப்பட்டு, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காற்றில் கலக்கிறது. அந்தத் துகள்களில் ஒரு பகுதி மிகமிகச் சிறியது. எளிதில் தரையில் படியாமல் நெடுநேரம் காற்றில் மிதப்பதோடு, மூச்சுக்குழலின் நுண்கிளைகள் வரை போகக்கூடியது. பூனை ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த ஒரே புரதத்துக்கு எதிராகவே ஐஜிஈ உண்டாகியிருக்கிறது. முடி உதிராத ரகம், ஒவ்வாமை தராத ரகம் என்று சொல்லிப் பூனைகளை விற்பவர்களின் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். முடி குறைவான பூனைக்கும் உமிழ்நீர் உண்டு.

ஒரே புரதம் என்பதுதான் புதிய ஊசிக்கு வழி திறந்தது. வீட்டுத் தூசிப் பூச்சியிலோ கரப்பான் பூச்சியிலோ ஒவ்வாமை தரும் புரதங்கள் பல இருக்கின்றன, ஒருவருக்கு ஒன்றென்றால் இன்னொருவருக்கு வேறொன்று. பூனையில் குறி ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவின் ரீஜெனரான் நிறுவனம் ஃபெல் டி 1 மீது வெவ்வேறு இடங்களில் ஒட்டக்கூடிய இரண்டு மனித ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே மருந்தாக்கியது. ஏன் இரண்டு என்று கேட்கலாம். மூக்கிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்களின் மேற்பரப்பில் ஐஜிஈ மூலக்கூறுகள் கொக்கிகளைப் போல நிற்கின்றன. பூனைப் புரதம் ஒன்று அருகருகே உள்ள இரண்டு கொக்கிகளில் ஒரே நேரத்தில் மாட்டி அவற்றை இணைக்கும்போதுதான் அந்தச் செல் வெடித்து, தும்மலும் அரிப்பும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. கொக்கி மாட்டும் இடங்கள் புரதத்தின் மேல் பல இருப்பதால், ஓரிடத்தை மட்டும் மூடினால் மற்ற இடங்கள் வழியாக இணைப்பு நிகழ்ந்துவிடும். இரண்டு ஆன்டிபாடிகளும் இரு பக்கமும் போர்த்திக்கொண்டால் பெரும்பாலான இடங்கள் மறைந்துவிடுகின்றன.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுக ஊசியாகப் போட்டு உடலைப் பழக்கும் சிகிச்சை 1911 முதல் இருந்து வருகிறது. அதில் தேறியவர்களின் இரத்தத்தில் ஐஜிஜி 4 என்ற வகை ஆன்டிபாடி பெருகி, பூனைப் புரதம் ஐஜிஈயை அடையுமுன் அதைப் பிடித்துக்கொள்வதைப் பல காலமாக அறிவோம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஊசி போட்டு உடலே செய்யக் கற்கும் ஒன்றை, வெளியில் தயாரித்து ஒரே நாளில் கொடுத்துவிட்டால் என்ன என்பதே இந்த மருந்தின் அடிப்படை.

ஆய்வு முடிவுகளைப் பார்ப்போம். 2018இல் வெளியான முதல் ஆய்வில் தோலுக்கடியில் ஒரே முறை 600 மில்லிகிராம் மருந்து கொடுத்து, பின்னர் நோயாளிகளின் மூக்கில் பூனைப் புரதச் சாற்றைத் தெளித்தார்கள். எட்டாம் நாளில் மூக்குத் தொல்லை தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் உங்களுக்கு அதிகம் தொடர்புள்ளது, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு. பூனையால் ஆஸ்துமா வரும் 56 பேரை, காற்றில் பூனைப் புரதம் அளந்து கலக்கப்பட்ட ஓர் அறையில் உட்காரவைத்து, மூச்சுத் திறன் குறிப்பிட்ட அளவு சரிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். மருந்துக்கு முன் சராசரி மனிதர் ஒருவர் 51 நிமிடத்தில் இளைக்கத் தொடங்கினார். மருந்து போட்ட எட்டாம் நாளில் அந்த நேரம் நான்கு மணியைத் தாண்டியது. பலன் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. உங்கள் அண்ணன் மகன் சொன்ன மூன்று மாதக் கணக்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். 2025இல் கண்ணில் பூனைப் புரதத்தை இட்டுச் செய்த மூன்றாம் கட்ட ஆய்விலும் அரிப்பும் சிவப்பும் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது.

நல்ல முடிவுகள்தாம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் லேசான ஆஸ்துமா உள்ளவர்கள். வாரத்தில் நான்கு இரவுகள் எழுந்து உட்காரும் ஒருவரை எந்த மருத்துவரும் அந்த அறைக்குள் அனுப்பமாட்டார். தவிரவும், சில மணி நேரம் அறையில் இருப்பது வேறு, தலையணையின் மேல் பூனை உறங்கும் வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்வது வேறு. இந்த ஆன்டிபாடிகள் உடலுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதும் இல்லை. இத்தகைய ஆன்டிபாடி இரத்தத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தீர்ந்ததும் பூனைப் புரதம் மீண்டும் சுதந்திரமாக உலவும், மகளின் ஐஜிஈ அப்படியே காத்திருக்கும். பூனையின் வேறு புரதங்களுக்கு ஒவ்வாமை கொண்ட சிறுபான்மையினருக்கு இது உதவவும் உதவாது.

பூனை ஒவ்வாமை ஆய்வுகளில் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்காசியா என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பூனைப் புரதத்தின் துண்டுகளைக் கொண்டு ஒரு ஊசி மருந்து தயாரித்தது (அது ஆன்டிபாடி அல்ல, வேறு வகை). தொடக்க ஆய்வுகள் மிக நம்பிக்கை தந்தன. 2016இல் பெரிய அளவில் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களும் தேறினார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். மருந்து அத்தோடு நின்றது. மூக்கரிப்பும் தும்மலும் நோயாளி தாமே மதிப்பெண் போட்டுச் சொல்பவை. ஊசி போட்டோம் என்ற நம்பிக்கையே அந்த மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைக்கவல்லது. ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வில் மூச்சுத் திறனைக் கருவியால் அளந்தார்கள் என்பதால் அதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

இனி ஒமாலிசுமாப். 2003இல் அமெரிக்காவில் ஒவ்வாமை ஆஸ்துமாவுக்காக ஒப்புதல் பெற்ற பழைய மருந்து இது. 2019இல் ஜப்பான் கடுமையான செடார் மர மகரந்த ஒவ்வாமைக்கும் இதை ஏற்றது. எது ஒவ்வாமை தருகிறது என்று இது பார்ப்பதில்லை. இரத்தத்தில் மிதக்கும் ஐஜிஈயை, அது மாஸ்ட் செல்லில் பொருந்தும் முனையிலேயே பிடித்துக்கொள்கிறது. மிதக்கும் ஐஜிஈ குறையக் குறைய, வாரங்கள் கழிந்து, செல்களின் மேல் உள்ள கொக்கிகளும் அவற்றைத் தாங்கும் ஏற்பிகளும் குறைகின்றன. எனவே பூனை, தூசிப் பூச்சி, கரப்பான் மூன்றும் சேர்ந்து தொல்லை தரும் ஒருவருக்கு இது அந்தப் புதிய ஊசியைவிடப் பொருத்தமானதாகக்கூட இருக்கலாம். பூனைகள் உலவிய அறையில் நோயாளிகளை உட்காரவைத்து இதையும் சோதித்திருக்கிறார்கள்; மூச்சுத் திறன் சரிவது குறைந்தது.

ஆயினும் இது பூனை வளர்ப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. இழுப்பு மருந்துகளை ஒழுங்காக, சரியான முறையில் எடுத்தும் அடங்காத ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கே இதைத் தருகிறோம். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பலன் உண்டா என்று முடிவு செய்யவே ஏறக்குறைய நான்கு மாதம் வேண்டும். அரிதாக, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, இந்த ஊசியே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தருவதால் முதல் சில ஊசிகளுக்குப் பின் மருத்துவமனையிலேயே காத்திருக்கச் சொல்வோம். அளவு கணக்கிடுவது எடையையும் ஐஜிஈயையும் வைத்து. அந்த அட்டவணையில் ஐஜிஈயின் உச்ச வரம்பு ஐரோப்பாவில் 1,500, அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 700. உங்கள் மகளின் 2,340 இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

அந்த எண்தான் நான் முதலில் சொன்ன கவலைகளில் ஒன்று. பூனை ஒவ்வாமை மட்டும் ஐஜிஈயை இவ்வளவு உயர்த்துவது வழக்கமல்ல. தோலில் கரப்பான் எனப்படும் எக்சிமா நோய் இருந்தால் உயரலாம், குடலில் புழு இருந்தால் உயரலாம். ஆஸ்துமாவோடு ஐஜிஈ ஆயிரத்தைத் தாண்டினால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. காற்றில் எங்கும் உள்ள இந்தப் பூஞ்சை சில ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழலில் தங்கி, கடுமையான ஒவ்வாமையைத் தூண்டி, கவனிக்காமல் விட்டால் குழல்களை நிரந்தரமாக விரித்துச் சிதைத்துவிடும். இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை அல்லது பூஞ்சைக்கொல்லி மாத்திரை என்று வேறு சிகிச்சை உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு எதிரான தனி ஐஜிஈ என்று கேட்டு ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். மகளுக்கு எப்போதாவது பழுப்பு நிறக் கட்டியாகச் சளி வந்ததுண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்; வந்திருந்தால் இந்தப் பரிசோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

இரண்டாவது கவலை அந்த நீல இன்ஹேலர். அது சால்பூட்டமால், சுருங்கிய குழலைச் சில மணி நேரம் விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. இழுத்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து. சால்பூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் தெளிவாகச் சொல்கிறது. அப்படி நம்பியிருப்பவர்களுக்குத் திடீர்க் கடும் தாக்குதலும் மரணமும் கூடுதலாக நேர்கின்றன. வாரத்தில் நான்கு இரவு இளைப்பு என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றே பொருள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான புடசோனைடு, குழலை விரிக்கும் ஃபார்மோட்டரால் இரண்டும் சேர்ந்த இன்ஹேலரை அன்றாடம் எடுக்க வேண்டிய நிலை இது. இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டின் அளவு மிகச் சிறியது. எலும்பு கரையும், பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் அதைத் தவிர்ப்பவர்களே பிறகு ஸ்டீராய்டு மாத்திரை வரை போகிறார்கள். இந்த இன்ஹேலரை மட்டும் முறையாக எடுத்து, மூக்குக்கு ஸ்டீராய்டு தெளிப்பானும் சேர்த்து, ஆன்டிபாடி ஊசியின் பேச்சே தேவைப்படாமல் போனவர்கள் என் நோயாளிகளில் பலர்.

பூனைதான் காரணமா என்பதே இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பதினைந்து நாள் பூனையை அனுப்பிப் பார்த்தது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. பூனை குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. மெத்தையிலும் நாற்காலி உறையிலும் திரைச்சீலையிலும் ஊறிய புரதம், பூனை போன பிறகு பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்க ஐந்தாறு மாதம் ஆகலாம். மறுபுறம், காவிரிக் கரையின் ஈரப்பதத்தில் தூசிப் பூச்சிக்குக் குறைவில்லை. பூனை ஒவ்வாமை என்று வந்து தூசிப் பூச்சி ஒவ்வாமையோடு திரும்புபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையைப் பூனை, தூசிப் பூச்சிகள், கரப்பான், பூஞ்சைகள் ஆகியவற்றுக்குச் செய்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. இளைப்பு அடங்கிய பிறகே அந்தப் பரிசோதனை.

பரிசோதனையில் பூனையே காரணம் என்று வந்தாலும், முதல் நாளே அதை வெளியே விடச் சொல்லமாட்டேன். படுக்கையறைக்குள் அது நுழையக் கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம். உங்களுடையது ஆண் பூனை. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளிடம்தான் ஃபெல் டி 1 அதிகம் சுரக்கும், கருத்தடைக்குப் பின் அது குறையும். கால்நடை மருத்துவரிடம் இதைச் செய்துவிடுங்கள். இரவுச் சண்டைகளும் குறையும். குளிப்பாட்டினால் குறைவது சில நாட்களில் திரும்பிவிடுவதால் பூனையையும் உங்களையும் அந்தத் துன்பத்துக்கு உள்ளாக்க வேண்டாம். பியூரினா நிறுவனம் 2020இல் ஒரு பூனை உணவை அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஃபெல் டி 1க்கு எதிரான ஆன்டிபாடி கொண்ட கோழி முட்டை அதில் கலந்திருக்கிறது. பூனை மெல்லும்போது உமிழ்நீரிலேயே புரதம் முடக்கப்படுகிறது. மூன்றாம் வாரத்திலிருந்து முடியில் உள்ள செயல்படும் புரதம் சராசரியாக 47 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனத்தின் ஆய்வு. மனிதருக்கு ஊசி போடுவதற்குப் பதில் பூனைக்குச் சோறு போடுவது எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் பாதி குறைந்தால் இளைப்பு நிற்கும் என்று சொல்ல அது போதாது.

தொலைவில் தெரியும் வெளிச்சம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூனை ஒவ்வாமை உள்ள 121 பேரிடம் நடந்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பூனைச் சாற்றைக் கொண்டு உடலைப் பழக்கும் ஊசியோடு டெசெபெலுமாப் என்ற இன்னொரு மோனோகுளோனல் ஆன்டிபாடியையும் ஓராண்டு கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழிந்த பின்னும் மூக்குத் தொல்லையின் உச்சம், பழக்கும் ஊசியை மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது; ஆனால் அந்த ஒரு மணி நேரத்தின் மொத்தத் தொல்லையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மூன்று மாதம் தடுக்கும் ஊசியைவிட, உடல் மறக்காமல் வைத்துக்கொள்ளும் இந்த வழி என்னை அதிகம் ஈர்க்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் இருப்பது. உங்கள் மகளின் இந்த மாத இரவுகளுக்கு அதனால் பயனில்லை.

இதற்கிடையில் அலர்ஜி ஊசி என்று யாராவது ஒன்றைப் போட முன்வந்தால் அதன் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நெடுநாள் செயல்படும் ஸ்டீராய்டு ஊசியைப் பெயர் சொல்லாமல் போட்டுவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதுவும் சில வாரங்கள் அற்புதமாக வேலை செய்யும், திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரையும் எலும்புத் தேய்வும் வரும். ஆய்வில் உள்ள பூனை ஆன்டிபாடியை விலைக்குத் தருவதாக யாரும் சொன்னால் அது பொய். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கமாட்டார்கள்.

ஆகவே இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் மகளை அழைத்துச் சென்று மூச்சுத் திறன் பரிசோதனையும், ஆஸ்பர்ஜில்லஸ் பரிசோதனையும், புதிய இன்ஹேலரை இழுக்கும் முறையில் ஒரு பயிற்சியும் கேளுங்கள். பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலருக்கு அடங்காவிட்டாலோ, நேரத்தைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று மாதம் இன்ஹேலரை ஒழுங்காக எடுத்த பின்னும் இரவு இளைப்பு நீடித்தால், பூஞ்சை இல்லை என்பதும் உறுதியானால், ஒமாலிசுமாபையோ ஐஜிஈ அளவைச் சாராத வேறு ஆன்டிபாடியையோ பற்றி அப்போது எனக்கு எழுதுங்கள். மகளின் எடையையும் தோல் பரிசோதனை முடிவையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அதுவரை பூனை மீண்டும் உங்கள் தாயார் வீட்டில் இருக்கட்டும்.